தேவரா தட்டுகள் இரண்டு: விசிடியின் பிழைமரபு

வட நைஜீரியாவின் கானோ நகரில் வீடியோப் பிரதிகள் பரவிய விதத்தை ஆராய்ந்த பிரயன் லார்க்கின், 2004இல் எழுதிய கட்டுரையிலும் 2008இல் வந்த ‘சிக்னல் அண்ட் நாய்ஸ்’ நூலிலும் ஒரு கருத்தை வலுவாக முன்வைத்தார். படத்தின் மங்கலும் ஒலியின் சிதைவும் தற்செயல் அல்ல; பிரதி எடுக்கும் ஏற்பாட்டின் தன்மையே அவற்றில் பதிகிறது என்பது அது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் போகப்போகப் படம் தேயும், பார்ப்பவர் அந்தத் தேய்வையும் சேர்த்தே பார்க்கிறார். விஎச்எஸ் நாடாவுக்கு இது முற்றிலும் பொருந்தும். நம் ஊர்த் திருட்டு விசிடிக்கும் இதையே நீட்டிவிடலாம் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். கட்டம்கட்டமாக உடைந்து, கணநேரம் உறைந்து, மறுபடி ஓடும் படத்தைப் பிரதியின் தேய்வு என்று வாசித்தால் பிழை பிறந்த இடத்தைத் தவறவிடுவோம்.

அது பிறந்த இடம், பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி நான்கும் 1993இல் வகுத்த ‘வெள்ளைப் புத்தக’ விதிகள். குறுந்தகட்டின் ஒரு செக்டர் 2352 பைட். கணினிக் கோப்புகளுக்கான முதல் வடிவத்தில் தரவுக்கு 2048 பைட்டும் பிழைதிருத்தத்துக்கு 276 பைட்டும் உண்டு. விசிடியின் படம் இருப்பது இரண்டாம் வடிவத்தில். அங்கே அந்த 276உம் தரவுக்கே போய், தரவு 2324 பைட் ஆகிறது. ஒற்றை வேக டிரைவ் நொடிக்கு 75 செக்டர் படிக்கும். முதல் வடிவத்தில் அது 1,53,600 பைட். விசிடியின் காட்சிக்கும் ஒலிக்கும் நொடிக்கு 1374 கிலோபிட், அதாவது 1,71,750 பைட் வேண்டும். இரண்டாம் வடிவம் 1,74,300 தருகிறது. பிழைதிருத்தத்தைக் கைவிடாமல் அந்த வேகத்தில் அந்தத் தரம் வந்திருக்காது. எல்லாக் குறுந்தகடுகளுக்கும் உள்ள அடிப்படைத் திருத்தத்தை மீறிவரும் கீறலுக்கு, விசிடியில் இரண்டாவது காவல் இல்லை. அசல் தட்டுக்கும் இல்லை, திருட்டுத் தட்டுக்கும் இல்லை.

கொச்சி தேவராவில் மூடப்பட்ட ஒரு வீடியோ லைப்ரரியின் மிச்சச் சரக்கில், ஒரே மலையாளப் படத்தின் முதல் தட்டு இரண்டு பிரதிகளாகக் கிடைத்தது. ஒன்று அச்சிட்ட வெள்ளித் தட்டு, கீறல் விழுந்தது. மற்றது கணினியில் எழுதிய சிடி-ஆர், கீறலே இல்லாதது. லினக்ஸில் படக்கோப்பை நகலெடுக்கப் போனால் இரண்டுமே உள்ளீட்டுப் பிழை என்று நின்றுவிட்டன. தட்டு கெட்டதால் அல்ல. கோப்புப் பட்டியல் 2048 பைட் கணக்கில் அளவைச் சொல்கிறது. உள்ளே இருப்பதோ இரண்டாம் வடிவம். விண்டோஸ் அதே கோப்புக்கு 44 பைட் தலைப்பு ஒன்றை முன்னால் ஒட்டி, முழு செக்டர்களாகக் கொடுக்கிறது.

ஆகவே செக்டர் செக்டராகப் படித்தேன். ஒவ்வொன்றின் துணைத்தலைப்பிலும் மூன்றாவது பைட், பதினறும எண்ணில், 62 அல்லது 64. அதில் 40 என்பது தடையின்றி ஓட வேண்டிய தரவைக் குறிக்கும், 20 இரண்டாம் வடிவத்தை, மிஞ்சும் 2 காட்சியை, 4 ஒலியை. இந்தத் துணைத்தலைப்பு மட்டும் ஒவ்வொரு செக்டரிலும் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. திருத்தம் இல்லாத இடத்தில் எதைக் காக்க வேண்டும் என்று விதி வகுத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள் என்றே இதைக் கொள்கிறேன்.

இரண்டு தட்டுகளிலும் படம் ஒரே காட்சியில் உடைகிறது. வெள்ளித் தட்டின் அந்த செக்டர்களை மறுபடி மறுபடி படித்தால் ஒவ்வொரு முறையும் வேறுவேறு பைட்டுகள் வருகின்றன. சிடி-ஆரில் எப்போதும் அதே தவறான பைட்டுகள். அதோடு, செக்டர் இறுதியிலுள்ள சரிபார்ப்பு எண்ணும் அந்தத் தவற்றுக்குப் பொருந்துகிறது. வெள்ளித் தட்டில் பிழை ஒரு காயம். சிடி-ஆரில் அது எழுதப்பட்ட பாடம். இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் பிழைபட்டால் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருக்கலாம், அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்றாக இருக்கலாம் என்பது சுவடிப் பதிப்பாசிரியர் அறிந்ததே. இங்கே காயம் ஒரு தட்டில் மட்டும் இருப்பதால் முதல் முடிவே வலுவானது. வாடகைக்குப் போய்த் தேயும் தன் தட்டுக்குக் கடையே பிரதி எடுத்திருக்கிறது என்கிறேன். ஒரு சோடித் தட்டுகளை வைத்து இவ்வளவு சொல்வது அதிகம் என்று மறுக்கலாம். ஆனால் கீறலும் பிழையும் தற்செயலாக ஒரே இடத்தில் சந்தித்தன என்று கொள்ள அதைவிடப் பெரிய நம்பிக்கை வேண்டும். லார்க்கினுக்கு இந்த அளவில் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: விசிடியிலும் பிழை வழிவழியாக வருகிறது. ஆனால் பிரதிதோறும் அது கூடுவதில்லை, ஒருமுறை பதிந்த அளவிலேயே நிற்கிறது.

காலத்தை என்னால் நிறுவ முடியவில்லை. வெள்ளித் தட்டின் தகவல் கோப்பு பதிப்பு 2.0 என்கிறது, 1995இல் வந்த விதி அது, ஆகவே அதற்கு முந்தையது அல்ல. உருவாக்கிய நாளுக்கான இடத்தில் எல்லாம் பூஜ்யம். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கு இறக்கிய பின், கடைக்காரர் பிரதி எடுக்கும் சிரமத்தை மேற்கொண்டிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. அது ஊகமே.

வீட்டில் பழைய விசிடிகள் வைத்திருப்போருக்கும் நூலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பார்ப்பதற்கு விஎல்சி மென்பொருள் போதும். காப்பதற்குக் கோப்பை மட்டும் எடுக்காதீர்கள், 2048 பைட் கணக்கில் ஐஎஸ்ஓவாகவும் எடுக்காதீர்கள். 2352 பைட்டும் அடங்கிய முழு செக்டர் நகலாக எடுங்கள். எடுத்த பிறகும் கீறல் விழுந்த தட்டை எறிந்துவிடாதீர்கள்.