கேட்ட தமிழும் எழுதிய தமிழும்
வகுப்பறைக் கருவிகளின் வரலாறு தரும் பாடம்

கல்விக்குக் கருவி புதியதன்று. மணலும் விரலும் ஒரு காலத்துக் கருவிகள். ஓலையும் எழுத்தாணியும், பின்னர்க் கற்பலகையும் குச்சியும் பிள்ளைகளின் கைக்கு வந்தன. இன்று கணினியும் கைப்பேசியும் வந்துள்ளன. இவற்றை வகுப்பில் நுழையவிடலாமா, கூடாதா என்னும் வழக்கு ஆசிரியரிடையே ஓய்ந்தபாடில்லை. வழக்கைத் தீர்க்குமுன் வரலாற்றைச் சற்றே புரட்டுதல் நன்று. நம் நாட்டுத் தமிழ்ப் பள்ளிகளுக்குள் கருவிகள் வந்த வழியை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். காதால் கேட்கும் கருவிகளில் தமிழ் எளிதாக நுழைந்தது. கையால் எழுதும் கருவியாகிய கணினியில் போராடியே நுழைந்தது.

கற்பலகையும் வானொலியும்

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். கரும்பலகையும் வெண்கட்டியும் கற்பலகையுமே அவருடைய செல்வம். அவை ஏழைக் கருவிகளே. ஆயினும் அவற்றுக்கு ஒரு பெருமை உண்டு. எம்மொழியையும் அவை வேற்றுமை பாராது ஏற்றன. 'அ' எழுதினால் 'அ' தோன்றும். இடையில் எவர் இசைவும் வேண்டியதில்லை.

1946 ஏப்ரலில் மலாயா வானொலி தோன்றியது. அதன் ஒலிபரப்பு மொழிகளில் தமிழும் ஒன்றாயிற்று. தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. 1972 ஜூன் 19ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. இக்கருவிகளில் தமிழ் ஒலிக்க எழுத்துருவோ விசைப்பலகையோ தேவைப்படவில்லை; தமிழறிந்த குரல் ஒன்று போதும். ஆனால் வானொலி பேசும், பிள்ளை கேட்கும். பிள்ளை மறுமொழி கூற அதில் வழியில்லை. கேட்டதை எழுத வைப்பதும், எழுதியதைத் திருத்துவதும் ஆசிரியர் பணியாகவே நின்றன.

எழுத்துக்கு வாயில் அடைத்த கணினி

கணினியின் கதை வேறு. அது உரோமன் எழுத்துக்கென உருவான பொறி. நம் 247 எழுத்துகளையும் அதன் குறைந்த இடங்களில் பொருத்த, அறிஞர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டனர். ஓர் எழுத்துருவில் அடித்த வினாத்தாள் வேறொரு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாக நிற்கும். இத்துன்பத்தை அக்காலத்தில் தட்டச்சிட்ட ஆசிரியர் எவரும் மறந்திருக்கமாட்டார்.

பூட்டைத் திறந்த கைகளுள் ஆசிரியர் கையும் உண்டு என்பது நமக்குப் பெருமை. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. 1999இல் அவர் மறைந்தது நமக்குப் பேரிழப்பு. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' வழியாகக் கணினியிலும், 2005இல் 'செல்லினம்' வழியாகக் கைப்பேசியிலும் தமிழை எழுதச் செய்தார். யூனிகோடு என்னும் ஒருங்குறி பரவிய பின்னரே ஒரு கருவியில் எழுதியதை எல்லாக் கருவியிலும் படிக்க முடிந்தது.

இவர்கள் பாடுபட்ட அதே காலத்தில் பள்ளிக்குள் நடந்தது என்ன? 1997இல் அறிவிக்கப்பட்ட விவேகப் பள்ளித் திட்டத்தின் மின்பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கே முதலில் உருவாயின. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின; அதற்கென மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பள்ளிகளுக்கு வந்தன. ஆகவே தமிழ்ப் பிள்ளை கணினியை வகுப்பில் கண்டபோது, அதனுள் கண்ட பாடம் பிறமொழிப் பாடமாகவே இருந்தது. கருவி வந்துவிட்டது, தமிழ் வாயிலில் நின்றது. கணினி என்றாலே ஆங்கிலம் என்னும் எண்ணம் பிள்ளைகள் மனத்தில் ஊன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அடைபட்ட காலத்துப் பாடம்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக் கதவுகள் அடைபட்டன. கல்வி அமைச்சு அவ்வாண்டு ஏறத்தாழ 9 இலட்சம் மாணவரைக் குறித்து நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் எவ்வகை மின்கருவியும் இல்லை எனத் தெரிந்தது. தோட்டப்புற இல்லங்கள் பலவற்றில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் பகலில் தந்தையோடு வேலைக்குச் சென்றது. அந்நிலையில் நமக்குக் கைகொடுத்தது சமூக ஊடகமே. பாடத்தைக் குரலில் பதிந்து ஆசிரியர் புலனத்தில் அனுப்புவார்; பிள்ளை இரவில் கேட்கும். வானொலிக் காலம் மீண்டது போலாயிற்று. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இம்முறை பிள்ளை மறுமொழி கூற முடிந்தது.

அம்மறுமொழியில்தான் அபாயம் நின்றது. குரலில் விடை வந்தால் எழுத்துப் பயிற்சி இல்லை. எழுத்தில் வந்தாலோ, பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது. அவ்வாறு எழுதுங்கால் பழம், பலம், பாலம் மூன்றும் ஒரே கோலம் கொள்ளும். மனமும் மணமும் ஒன்றாகிவிடும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆண்டுக்கணக்கில் ஊட்டும் ஆசிரியர் உழைப்பை, ஒரு மாலை நேரத்துச் செய்தி கரைத்துவிடும். அன்று தமிழ் எழுத்தைக் கணினி ஏற்கவில்லை. இன்று கருவி ஏற்கிறது, எழுதுபவர் கை மறுக்கிறது. அறிஞர் அரும்பாடுபட்டுத் திறந்த கதவை நாமே சாத்தலாமா?

நாம் செய்ய வேண்டுவன

வரலாறு காட்டும் வழி தெளிவு. முதலாவது, எழுத்துப் பயிற்சி ஏட்டிலேயே தொடங்குதல் வேண்டும். முதல் எழுத்தை அடித்தவுடன் முழுச்சொல்லைத் தானே நீட்டும் விசைப்பலகை, எழுத்து அறிந்தவர்க்குத் துணை. அறியாத சிறுவர்க்கு ஊன்றுகோல். நடக்கப் பழகும் குழந்தைக்கு ஊன்றுகோல் ஆகாது.

இரண்டாவது, எழுத்து நிலைத்தபின் நான்காம் ஆண்டு முதலேனும் தமிழ்த் தட்டச்சை வகுப்பிலேயே கற்பித்தல் நலம்.

மூன்றாவது, தமிழ்ப் பள்ளி மாணவர் ஏழு முதல் பன்னிரண்டு வயதினர். சமூக ஊடகங்கள் பலவும் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்குக் கணக்குத் தருவதில்லை. எனவே நம் புலனக் குழு உண்மையில் பெற்றோர் குழுவே. அதில் ஆசிரியர் விடுக்கும் ஒவ்வோர் அறிவிப்பும் தமிழ் எழுத்தில் அமையட்டும். ஆசிரியரே 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால், பெற்றோரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை?

நான்காவது, பாடங்களைத் தளங்களையே நம்பி விட்டுவிடாதீர். 2011இல் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம் 2019இல் முடிந்தது. பள்ளிகள் வேறு தளத்துக்கு மாறின. 2020 ஜூனில் டெலிமா வந்தது. தளங்கள் மாறும், ஆசிரியர் ஆக்கிய தமிழ்ப் பாடம் பள்ளியின் சொந்தச் சேமிப்பில் இருத்தல் வேண்டும்.

கருவியை வெறுப்பதும் வேண்டா, வணங்குவதும் வேண்டா. இதுகாறும் வந்த எக்கருவியும் தமிழைத் தானே கொணர்ந்ததில்லை. தமிழர் கொண்டுபோய்ச் சேர்த்தபோதே அதில் தமிழ் இருந்தது. இனி வருங்கருவிக்கும் அதுவே விதி. அங்ஙனம் கொண்டுசேர்க்கும் கடமை, பிள்ளைகளின் கையை முதன்முதல் பிடித்து 'அ' எழுதுவிக்கும் நம்முடையதே.