ஒலிவாங்கியும் அது நின்ற அறையும்

வானொலி தொடங்கிய 1920களில் ஒலிபரப்புக் கூடங்களில் பரவலாக நின்றது கரி ஒலிவாங்கி. குரலின் காற்றழுத்தம் அதன் மெல்லிய சவ்வை அழுத்த, பின்னாலிருந்த கரித்துகள்கள் நெருங்கியும் விலகியும் மின்தடையை மாற்றி, ஓடும் மின்னோட்டத்தில் பேச்சின் வடிவத்தைப் பதித்தன. 1878இல் டேவிட் ஹியூஸ் லண்டனில் விளக்கிக்காட்டிய இந்த நெறியை, பெர்லினில் ஆய்கன் ரைஸ் கனத்த சலவைக்கல் பாளத்துக்குள் அமைத்துச் செம்மைப்படுத்தினார். ஆயினும் துகள்கள் எழுப்பிய ஓயாத சீறல் பேச்சோடு சேர்ந்தே நேயரை எட்டியது.

அந்தச் சீறலிலிருந்து விடுவித்தது, 1916இல் அமெரிக்காவில் இ. சி. வென்ட்டே உருவாக்கிய கண்டென்சர் ஒலிவாங்கி. சவ்வும் நிலையான தகடும் அருகருகே நின்று, இடைவெளி மாறும்போது மின்தேக்குதிறன் மாறுவதே அதன் அடிப்படை என்பதால், அதற்குப் புறமின்னழுத்தம் தேவைப்பட்டது. இதைத் தர உதவிய வழியொன்று நார்வேயில் பிறந்தது: அந்நாட்டு வானொலிக் கூடங்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்ததால், 1966இல் நாய்மன் நிறுவனம் அங்கே வழங்கிய ஒலிவாங்கிகள், ஒலிக்குறிப்பைச் சுமக்கும் கம்பிகளின் வழியே அதே மின்னழுத்தத்தைப் பெறுமாறு அமைக்கப்பட்டன. ஃபேண்டம் பவர் என்று இன்று பெரும்பாலான ஒலிக்கலவைக் கருவிகளில் காணப்படும் வசதிக்கு அந்த 48 வோல்ட்டே அளவாக நிலைத்தது.

கண்டென்சரின் நுண்செவி அமைதியான கூடத்துக்குப் பொருந்தியது. அமைதியற்ற இடங்களுக்கு உரியது வேறொரு மரபு. காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் மின்சாரம் பிறப்பிக்கும் டைனமிக் வகையில், 1939இல் ஷூர் நிறுவனத்தின் பெஞ்சமின் பாவர் ஒற்றை உறுப்பைக் கொண்டே முன்பக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்கும் தன்மையை ஏற்படுத்தினார். டைனமிக் வகை அறையோசையைத் தானாகவே விலக்கிவிடும் என்ற பரவலான நம்பிக்கை முழு உண்மையன்று. வாயை நெருக்கிப் பேசும்போது குரல் ஓங்கி, சுவரின் எதிரொலி பின்தங்குவதே முதன்மைக் காரணம். தொலைவு பாதியானால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். நெருங்கினால் தாழ்சுருதி பெருத்துவிடும் இடரை, உடல் நெடுகத் துளைவாய்கள் கொண்டு 1968இல் எலெக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தின் ஆர்.இ.20 அடக்கியது. வானொலி அறிவிப்பாளர்கள் அதை விரும்பி ஏற்றமைக்கு இதுவே நியாயமான விளக்கம்.

2004இல் பாட்காஸ்ட் என்ற சொல் புழக்கத்துக்கு வந்தபின், ஒலிபரப்பு மின்விசிறி சுழலும் படுக்கையறைக்கும் தெருவோசை நுழையும் கூடத்துக்கும் இடம்பெயர, ஷூர் 1970களில் கொணர்ந்த எஸ்.எம்.7 என்ற டைனமிக் ஒலிவாங்கியின் வழித்தோன்றலான எஸ்.எம்.7பி மீண்டும் தேடப்பட்டது. அதன் மெல்லிய வெளியீட்டுக்கு 60 டெசிபல் வரை பெருக்கம் வேண்டியிருந்ததால், எளிய இணைப்புக் கருவிகளை வைத்திருந்த பலர் துணைப் பெருக்கியையும் வாங்க நேர்ந்தது. 2023இல் அந்தப் பெருக்கியை உள்ளேயே பொருத்தி எஸ்.எம்.7டிபி வெளிவந்தது, அதற்கு உயிரூட்டுவதும் நார்வேயின் அவசர விளக்குகளுக்காக இருந்த அதே 48 வோல்ட்டே.