குருதி சொன்னதும் தாய் அறிந்ததும்

நாஞ்சில் நாட்டுப் பெண்களுக்கு மருத்துவமனை புதிய இடமன்று. 1838-ஆம் ஆண்டிலேயே நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தார் மருத்துவப் பணியைத் தொடங்கினர். இன்று நம் கருவுற்ற தாய்மார் சுகாதார நிலையங்களில் தயக்கமின்றிக் குருதி கொடுக்கின்றனர். அக்குருதியில் எச்.ஐ.வி.யும் சோதிக்கப்படுகிறது என்பதன் பொருளை அவர்கள் அறிவார்களா? இவ்வினாவுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமியை முதன்முதலாகக் கண்டறிந்தனர். குருதி கொடுத்தவர்கள் பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்கள். ஆகவே இது ‘அவர்களுடைய’ நோய் என்று சமுதாயம் நிம்மதியடைந்தது. அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பின்னாளில் சென்னையில் சிகிச்சை நாடிய பெண்களுள் பெரும்பாலோர் தம் கணவரன்றி வேறு ஆடவரை அறியாத இல்லத்தரசியர் என்பதை ஆய்வுகள் காட்டின.

1998 முதல் நாடு தழுவிய கண்காணிப்பு நடந்தது. மகப்பேற்று மருத்துவமனைகளில், மையம் ஒன்றுக்கு 400 பேர் வீதம், வேறு சோதனைக்காகப் பெற்ற குருதியின் எஞ்சிய பகுதி பெயர் நீக்கிச் சோதிக்கப்பட்டது. தமிழகத்தில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை நோய் எட்டியது அவ்வாறே தெரியவந்தது. நாடு அறிந்துகொண்டது, குருதி கொடுத்த தாயோ அறியவில்லை. அங்கே அவள் ஓர் எண்ணிக்கை மட்டுமே.

மருந்து வந்தபோதும் முதலில் நினைக்கப்பட்டது குழந்தையே. பேறுகாலத்தில் தரப்படும் நெவிராபின் மாத்திரை 2002 முதல் நம் நாட்டில் பரவலாயிற்று. தாயின் உயிர் காக்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். தொடக்க மையங்களுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. 2014 முதலே தொற்றுள்ள கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் வாழ்நாள் சிகிச்சை உறுதியாயிற்று. சிகிச்சையின்றேல் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகலாம். முறையான சிகிச்சையால் அது ஐந்துக்கும் கீழாகக் குறைகிறது.

எண்ணிக்கையாகவும் குழந்தைக்கு வழியாகவும் கருதப்பட்ட தாய், இறுதியில்தான் மனிதப் பிறவியாக மதிக்கப்பட்டாள். அவளுடைய அறிந்த சம்மதத்தை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆயினும் தாளில் இடும் கையொப்பம் அறிவாகிவிடாது. சோதனை எதற்கு, முடிவு யாருக்குத் தெரியும், கணவனும் ஏன் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். நம் திருமண ஆயத்த வகுப்புகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாகாதா? மணமகனும் உடனமர்ந்து கேட்பானாயின், பின்னாளில் பழியனைத்தையும் அவள் ஒருத்தி சுமக்க நேராது.