வணிகக் காப்புறுதி வளர்ந்த வரலாறு



நம் தோட்டங்களில் மரண சகாய நிதி என்றொரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை கொடுத்து வரும். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் அந்த நிதி ஈமச் செலவுக்கு உதவும். ஒருவர் தலையில் விழும் பாரத்தைப் பலர் பகிர்ந்து கொள்வதே இதன் கருத்து. வணிகக் காப்புறுதியின் கருத்தும் இதுதான்.

தோட்ட வேலையை விட்டு மளிகைக் கடை, உணவுக் கடை, தையல் கடை என்று சொந்தத் தொழிலில் இறங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வாழ்நாள் சேமிப்பையே முதலாகப் போடும் அவர்கள், காப்புறுதி எத்தனை வகை, ஒவ்வொன்றும் ஏன் பிறந்தது என்பதை அறிந்திருத்தல் அவசியம். அதற்கு வரலாறே நல்ல வழிகாட்டி.

முதலில் பிறந்தது கடல் காப்புறுதி. புயலிலும் கடற்கொள்ளையிலும் ஒரு கப்பல் போனால் ஒரு வணிகரின் குடும்பமே அழிந்துவிடும். இத்தாலியின் ஜெனோவா நகரில் 1347ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒப்பந்தம், இன்று கிடைத்துள்ள மிகப் பழைய காப்புறுதிப் பத்திரங்களுள் ஒன்று. பின்னர் 1680களில் லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்தினார். மாலுமிகளும் கப்பல் உடைமையாளர்களும் அங்கே கூடினர். கப்பலின் விவரம் எழுதிய தாளின் அடியில், “நட்டத்தில் இவ்வளவு பங்கு என்னுடையது” என்று வணிகர்கள் கையெழுத்திடுவது அக்கால வழக்கம். உலகப் புகழ் பெற்ற லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தை அந்தக் காப்பிக் கடையிலிருந்து வளர்ந்ததே ஆகும்.

கடலில் செல்லும் சரக்குக்குக் காப்பு இருந்த அந்நாளில், கரையில் இருந்த கடைக்கும் வீட்டுக்கும் காப்பு இல்லை. 1666 செப்டம்பரில் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ நான்கு நாட்கள் எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் சாம்பலாயின. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், 1680களின் தொடக்கத்தில், நிக்கலஸ் பார்பன் என்பவர் தீக் காப்புறுதி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பணம் கட்டிய வீடுகளின் சுவரில் அடையாளமாக உலோகத் தகடு பொருத்தும் வழக்கமும் அக்காலத்தில் வந்தது.

பொருளுக்குக் காப்பு வந்தது. உழைப்பவனுக்கு எப்போது வந்தது? 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகின. யந்திரத்தில் கையை இழந்தவன், முதலாளியின் தவற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால்தான் நட்ட ஈடு பெற முடியும். ஏழைக்கு அது எளிதா? 1884இல் ஜெர்மனியும் 1897இல் பிரிட்டனும் சட்டம் இயற்றி இந்நிலையை மாற்றத் தொடங்கின. நம் நாட்டில் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் 1952இல் வந்தது. 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1971இல் சொக்சோ தோன்றியது. கப்பலுக்கும் கட்டடத்துக்கும் காப்பு வந்து பல தலைமுறைகள் கழிந்த பிறகே பால் வெட்டும் கைகளுக்குக் காப்பு வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே, ஒரே ஒரு வேலையாளை வைத்துக் கடை நடத்துபவரும் அவரைச் சொக்சோவில் பதிந்து சந்தா கட்ட வேண்டும். சட்டமும் அதையே சொல்கிறது. நேற்று வரை தொழிலாளராய் இருந்த நாம், நம் கடைப் பையனுக்குக் கட்டத் தயங்கலாமா? தனியே உழைப்பவர்களுக்கென 2017இல் சொந்தத் தொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்துள்ளது.

வேறு வகைகளும் உண்டு. பூட்டை உடைத்துத் திருடினால் ஈடு செய்வது திருட்டுக் காப்புறுதி. பணம் கையாளும் ஊழியர் கையாடல் செய்தால் ஈடு தருவது நாணயக் காப்புறுதி; கூட்டுறவுச் சங்கங்களுக்கு இது மிகவும் வேண்டியது. கடைக்கு வந்தவர் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் உதவுவது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. சரக்கு ஏற்றும் வேனுக்கு மோட்டார் காப்புறுதி சட்டப்படி கட்டாயம்.

நேயர்களே, இந்த வரலாற்றில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு காப்புறுதியும் ஒரு தனித் துன்பத்திலிருந்து பிறந்தது. பத்திரத்தில் எழுதியுள்ள துன்பத்துக்கு மட்டுமே அது ஈடு தரும். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெருவெள்ளம் வந்தது. சாதாரணத் தீக் காப்புறுதி வெள்ளத்துக்கு ஈடு தராது. கூடுதல் கட்டணம் செலுத்தி வெள்ளத்தையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். “காப்புறுதி எடுத்திருக்கிறோம்” என்று நிம்மதியாய் இருந்தால் போதாது; எதற்கு எடுத்திருக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கட்டணம் குறையுமென்று சரக்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்பவர் உளர். 50,000 வெள்ளிச் சரக்கை 25,000 வெள்ளிக்கே காப்புறுதி செய்தார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தீயில் 20,000 வெள்ளிச் சரக்கு எரிந்தது. கிடைப்பது 20,000 அன்று, 10,000தான். பாதி மதிப்புக்குக் கட்டியவருக்குப் பாதி நட்டமே ஈடாகும். அவ்வாறே, கேட்கும் விவரங்களை மறைத்துப் பத்திரம் எடுத்தால் ஈடு மறுக்கப்படவும் கூடும்.

பத்திரம் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். நமக்குப் புரியவில்லையே என்று மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டாம். படிக்கும் பிள்ளைகளை அருகில் இருத்தி, வரி வரியாய்ப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எதற்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை, எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற மூன்றையும் முகவரிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திடுங்கள். பல்லாண்டு பால் வெட்டிச் சேர்த்த பணம் ஒரே இரவில் போய்விடாமல் காக்கும் வழி அதுவே.