முற்றத்து மரம் தந்த பெயர்

ஊராற் பெயர் பெற்றோர் உளர். தொழிலாற் பெயர் பெற்றோரும் உளர். வளவில் நின்ற ஒரு மரத்தாற் பெயர் பெற்ற குடும்பத்தின் கதையை இன்று கூற விரும்புகின்றேன்.

அம்மரம் லிண்டன். குளிர்நாட்டு மரமாதலின் நம் முற்றங்களில் அதனைக் காண்பதற்கில்லை. ஆயினும் அதன் இலை நம் வேலிப் பூவரசின் இலைபோல இருதய வடிவினது. ஓரத்திற் பல்வெட்டு உண்டு என்பதே வேறுபாடு. மரபணு ஆராய்ச்சியின் பின்னர் தாவரநூலார் இவ்விரண்டையும் ஒரே குடும்பத்திற் சேர்த்துள்ளனர். கோடையிற் பூக்கும்போது தேனீக்கள் மொய்க்கும். உலர்த்திய பூ குடிநீராகும்; உட்பட்டை நார் கயிறாகும். அடிமரம் வெட்டுண்டாலும் தூரிலிருந்து துளிர்க்கும் இயல்பினால் அது பல நூறாண்டு வாழும். ஒரு குறையும் உண்டு: இலைகளில் மொய்க்கும் அசுவுணிகள் பிசுபிசுத்த நீரைச் சொரிவதால், வீட்டை ஒட்டி அதனை நடுபவர் பின்னர் வருந்துவர்.

சுவீடன் தேசத்துக் கமக்காரர், மனையைக் காக்கும் மரமென ஒன்றை முற்றத்தில் வளர்த்தனர். லிண்டனும் அவ்வாறு போற்றப்பட்ட மரங்களுள் ஒன்று. அதற்கு ஊறு செய்தாற் குடிக்குக் கேடு வருமென அஞ்சினர். ஸ்மோலாந்து மாகாணத்தில் ஒரு குடும்பத்தின் நிலத்தில் இத்தகைய பெருமரம் ஒன்று நின்றது. அப்பகுதிப் பேச்சுவழக்கில் அதற்கு 'லின்' என்று பெயர்.

அக்காலக் கமக்காரருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரை நாம் முன்னே வைப்போம். அவர்கள் பின்னே வைத்தனர். அவ்வாறே அக்குடும்பத்து இளைஞர் நில்ஸ் இங்கெமார்சன் என அழைக்கப்பட்டார். லுண்ட் சர்வகலாசாலையிற் சேர்ந்தபோது குடும்பப்பெயர் ஒன்று வேண்டியதாயிற்று. அவர் மனைமரத்தை நினைந்து 'லின்னேயஸ்' என்று இலத்தீன் சாயலிற் பெயர் பூண்டார். உறவினர் சிலர் தீலியாந்தர், லிண்டேலியஸ் எனப் பெயர் கொண்டதும் லிண்டன் மரத்தினாலேயே.

நில்ஸ் குருவானவரானார், மலர்த்தோட்டத்திற் பெருவிருப்புடையவர். 1707 ஆம் ஆண்டு பிறந்த அவர் மகன் கார்ல், அத்தோட்டத்திலேயே செடிகளின் பெயர்களைக் கற்றான். அவனே பிற்காலத்தில் உலகத் தாவரங்களுக்கெல்லாம் ஈரடிப் பெயர் வகுத்த கார்ல் லின்னேயஸ். 1753 இல் வெளியிட்ட பெருநூலில், தம் குடிக்குப் பெயரீந்த மரத்திற்கும் 'தீலியா யுரோப்பேயா' எனப் பெயர் சூட்டினார். மரம் மனிதனுக்குத் தந்ததை மனிதன் மரத்திற்குத் திருப்பிக் கொடுத்தான் போலும்!

அவர் ஆசியாவிற்கு ஒருபோதும் வந்தாரல்லர். எனினும் இலங்கை அவருக்கு அயலன்று. ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1670களில் இங்கிருந்த பவுல் ஹேர்மன் என்பவர் நம் நாட்டுச் செடிகளைச் சேகரித்து உலர்த்தி வைத்திருந்தார். ஹேர்மன் இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் அத்தொகுதி லின்னேயஸ் கைக்கு எட்டியது. அதனை ஆராய்ந்து 1747 இல் 'புளோரா செயிலானிக்கா' என்னும் இலங்கைத் தாவர நூலை வெளியிட்டார். அவர் தொட்டுப் பார்த்த அவ்வுலர்ந்த இலைகள் இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன.