முகத்தை வாசிக்கும் கண்கள்

சில ஆண்டுகளுக்கு முன் வாலாஜாபேட்டையில் நாம் பணியாற்றிய காலத்தில், முதியவர் ஒருவர் ஞாயிறுதோறும் ஆலய வாயிலருகே நின்றவாறே திருப்பலி காண்பார். பெருநோய் அவரைவிட்டு நீங்கி நெடுங்காலம் ஆகியிருந்தது. மருத்துவர் அளித்த சான்றிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆயினும், புருவமற்ற முகத்தையும் மடங்கிய விரல்களையும் கண்டவர்கள் எவரும் அச்சான்றிதழைக் கேட்டதில்லை. அவர் அமர்ந்தால் பக்கத்து இடம் காலியாகும். அதை அறிந்தே அவர் நின்றார். நாமும் அதைக் கண்டும் பல மாதங்கள் வாளாவிருந்தோம்.

இது நம் மண்ணின் பழைய துயரம். ஒருங்கிணைந்த வட ஆற்காடு மாவட்டம் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். ஆனால், கை சீரான சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தனர். நிமிர்ந்த கைக்குப் பிச்சை விழவில்லை; நோயின் சுவடு படிந்த முகத்துக்கு வேலை கிடைக்கவில்லை! எனவே, கைத்தொழில் கற்பிக்கும் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. தலைத்தோலின் ஒரு பகுதியை நெற்றித் தோலினடியே கொண்டுவந்து புருவம் அமைக்கும் சிகிச்சையும் நடைபெற்றது. 1955இல் கரிகிரியில் தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. நோய்க்கு மருந்து கிடைத்த பின்னும் மருத்துவர்கள் புருவம் நட வேண்டியிருந்தது ஏன்? பார்ப்பவரின் கண்ணுக்கு மருந்து இல்லாமையால் அன்றோ?

அந்தக் கண்ணைத்தான் நம் சிறுகதை ஆசிரியர்கள் சோதித்தார்கள். தி. ஜானகிராமனின் ‘பரதேசி வந்தான்’ கதையில், கலியாணப் பந்தியில் அமர்ந்த பரதேசி இழுத்து வெளியேற்றப்படுகிறான்; அவன் சொல் அவ்வீட்டைச் சுடுகிறது. ஜெயகாந்தனின் ‘குருபீடம்’ கதையில், ஊரே அருவருக்கும் பிச்சைக்காரனை ஓர் இளைஞன் குருவெனப் பணிகிறான். அப்பணிவே அவனை மாற்றுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ஃபிளாபேர் 1877இல் வெளியிட்ட புனித ஜூலியன் கதையிலோ, ஜூலியன் தழுவிக்கொள்ளும் தொழுநோயாளி கிறிஸ்துவாகவே ஒளிர்கிறார்.

இவை உயர்ந்த கதைகள். எனினும் மீண்டும் படிக்கையில் ஓர் ஐயம் எழுகிறது. புறக்கணிக்கப்பட்டவன் சாபமிடும் வல்லமை உடையவனாகவோ, குருவாகவோ, கடவுளாகவோ இருந்தால்தான் நம் மனம் உறுத்துமா? அவன் வெறும் மனிதனாக இருந்துவிட்டால்?

புதுமைப்பித்தனின் ‘மகாமசானம்’ இதற்கு முகங்கொடுக்கிறது. சென்னையின் சாலையோரத்தில் ஒரு கிழப் பிச்சைக்காரர் இறந்துகொண்டிருக்கிறார். அவருக்கு மகிமை ஏதும் இல்லை; அற்புதமும் நிகழ்வதில்லை. நகரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நகர்கிறது. ஒரு குழந்தை மட்டும் வெறுப்பின்றி உற்றுப் பார்க்கிறது. அருவருப்பு நாம் பிறகு கற்றுக்கொண்ட பாடம் என்பதை அக்குழந்தை நமக்கு உணர்த்துகிறது.

கற்ற பாடத்தை மறக்க நாடும் நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவி நோயின் வேகம் தணிந்தது. ஆயினும் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி மணமுறிவு கோரும் வழி 2019இல்தான் சட்டத்தால் அடைக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியை அடிப்பதற்கே இத்தனை காலமெனில், மனத்தில் பதிந்ததை அழிக்க எத்தனை காலம் ஆகும்?

ஒரு ஞாயிறன்று அம்முதியவரை உள்ளே வந்து அமருமாறு அழைத்தோம். “நான் உட்கார்ந்துடுவேன் சாமி. பக்கத்துல இருக்கறவங்க எழுந்துட்டா, நான் எங்க பார்க்கறது?” என்றார். நம்மிடம் விடை இல்லை.

அடுத்த வாரம் நம் உபதேசியார் தம் பேத்தியுடன் வாயிலுக்குச் சென்று, அவரை அழைத்து வந்து நடுவில் அமர்த்திக்கொண்டார். சிறுமி அவருடைய விரல்களையே சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தன் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி, பாட வேண்டிய பக்கத்தைக் காட்டினாள்.