நோயும் ஆளுகையும்: எய்ட்ஸ் தடுப்புப் பணியின் வரலாற்றுப் பாடம்

ஓர் அரசாங்கத்தின் தகுதியை அளந்தறியப் பல அளவுகோல்கள் உண்டு. நீதி வழங்கும் முறை, வரி தண்டும் முறை, நீர்நிலைகளைப் பேணும் முறை என்று அறிஞர் பலவாறு கூறுவர். இன்று நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் நோய். அதிலும் வெளியே சொல்ல அஞ்சும் நோய். காய்ச்சல் கண்டவர் பலரறிய மருத்துவமனைக்குச் செல்கிறார். எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவரோ, உள்ளே சென்றால் தம் பெயரும் பிழைப்பும் என்னவாகுமோ என்று வாயிலிலேயே தயங்கி நிற்கிறார். அந்தத் தயக்கத்தைப் போக்கும் ஆற்றல் எந்த ஆட்சிக்கு இருந்தது, எதற்கு இல்லாது போயிற்று என்பதை நம் நாட்டின் கடந்த நாற்பது ஆண்டு வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் எனக்கு, ஆங்கிலக் கோப்புகளில் ஒரே சொல்லாய் வருவதைத் தமிழில் ஆட்சி, நிர்வாகம், ஆளுகை என்று இடமறிந்து எழுத வேண்டியிருக்கிறது. ஆட்சி ஆணையிடுகிறது, நிர்வாகம் பணத்தையும் பணியாளரையும் கொண்டு செலுத்துகிறது, ஆளுகையோ ஆளப்படுவோரையும் அவையில் அமர்த்திக் கேட்கிறது. எய்ட்ஸ் பணியின் வரலாறும் ஏறக்குறைய இம்மூன்று படிகளில் அமைந்திருக்கிறது.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், நம் சென்னை மாநகரில். மருத்துவப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரின் வழிகாட்டலில் அவருடைய மாணவியார் செல்லப்பன் நிர்மலா இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அவை சோதிக்கப்பட்டன; சிலவற்றில் தொற்று இருப்பது தெரியவந்தது. ‘இது அயல்நாட்டு நோய், நமக்கு வாராது’ என்று அதுவரை நிலவிய நம்பிக்கை தகர்ந்தது. அதன் விளைவு முதலில் அச்சமே.

அச்சம் கொண்ட ஆட்சி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதற்குக் கோவா சான்று. தொற்றுடையோரைத் தனிமைப்படுத்த அம்மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. 1989ஆம் ஆண்டு, இரத்ததானம் செய்துவந்த டொமினிக் டிசோசா என்னும் இளைஞரைக் காவலர் பிடித்துச் சென்று, காசநோயாளிகளுக்கென முன்னாளில் கட்டப்பட்ட ஒரு கட்டடத்தில் 64 நாட்கள் அடைத்துவைத்தனர். அவர் குற்றம் ஒன்றும் செய்தவரல்லர். நீதிமன்றத்தை நாடிய பின்னரே அவர் வெளியே வந்தார். அத்தகைய ஓர் ஊரில் எவர் தாமாக முன்வந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்வார்? ஒருவரை அடைத்த கதவு, பரிசோதனைக்கு வரக்கூடிய பலரையும் வரவொட்டாமல் தடுத்தது. டிசோசா 1992ஆம் ஆண்டில் காலமானார். ஆயினும் தொற்றுடையோர் தம் பெயரைச் சொல்லி உரிமை கேட்கலாம் என்பதை நாட்டுக்குக் காட்டிவிட்டே மறைந்தார்.

அதே 1992ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. உலக வங்கியின் கடனுதவியுடன் தேசியத் திட்டத்தின் முதற்கட்டம் தொடங்கிற்று. ஆனால் பணம் வந்ததும் பணி நடந்துவிடவில்லை. மாநிலக் கருவூலத்தில் சேர்ந்த தொகை ஒவ்வொரு செலவுக்கும் துறைதோறும் ஒப்புதல் பெற்று வெளியே வருவதற்குள் மாதங்கள் கழிந்தன. நோய் அவ்வாறு காத்திருக்கவில்லை. இதற்கு ஒரு மாற்று கண்டது தமிழ்நாடு. 1994ஆம் ஆண்டில் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவு செய்யப்பட்ட தனிச் சங்கமாக நிறுவப்பட்டது. அரசுச் செயலாளர் தலைமையில் இயங்கினும், தனக்கென வங்கிக் கணக்கு, தானே முடிவெடுக்கும் குழு, தொண்டு நிறுவனங்களுடன் நேரே ஒப்பந்தம் செய்யும் உரிமை ஆகியவை அதற்கு இருந்தன. கோப்பு நடக்கும் தூரம் குறைந்தது, பணி விரைந்தது. 1999ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் இம்முறையே நாடெங்கும் கைக்கொள்ளப்பட்டது. மும்பை மாநகருக்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது.

மூன்றாம் படியைக் காணக் கொல்கத்தாவுக்குச் செல்ல வேண்டும். அந்நகரின் சோனாகாச்சி வட்டாரத்தில் 1992ஆம் ஆண்டில் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா பாலியல் தொழிலாளரிடையே ஒரு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார். மருத்துவம் பயின்றவரை மட்டும் அனுப்பாமல், அத்தொழிலில் உள்ள பெண்களையே பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பியது அத்திட்டத்தின் சிறப்பு. அப்பெண்கள் சொன்ன செய்தி நிர்வாகத்துக்குப் புதியதாயிருந்தது. ஆணுறையின் பயனை அவர்கள் அறியாதவரல்லர்; வாடிக்கையாளர் மறுத்தால் தனியொருத்தியால் வற்புறுத்த இயலவில்லை. பசியும் கடனும் வீட்டு உரிமையாளரின் அதட்டலும் காவலரின் தொல்லையும் அவளை அடக்கிவைத்தன. அனைவரும் ஒன்றுகூடி மறுத்தால் நிலை மாறும் என்று கண்டனர். 1995ஆம் ஆண்டில் ‘துர்பார் மகிளா சமன்வய கமிட்டி’ என்னும் சங்கம் கண்டனர். கடன் தொல்லையிலிருந்து மீளக் கூட்டுறவுச் சங்கமும் கண்டனர். 1999ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் நிர்வாகமே அவர்கள் கைக்கு வந்தது. பயனாளிகள் என்று ஏட்டில் எழுதப்பட்டவர்கள் நிர்வாகிகளாயினர்.

இவையெல்லாம் பயன் தந்தனவா என்று கேட்பது நியாயமே. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையிலான கருவுற்ற பெண்களிடையே தொற்றின் அளவு 2000ஆம் ஆண்டில் 1.7 விழுக்காடாக இருந்து, 2004ஆம் ஆண்டில் 1.1 விழுக்காடாகக் குறைந்ததை ஆய்வாளர் கண்டனர். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் கூட்டுமருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. இன்று அத்தகைய மையங்கள் நாடெங்கும் 700க்கு மேல் உள்ளன. 2023ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 25 லட்சம் பேர் இத்தொற்றுடன் வாழ்கின்றனர். முறையாக மருந்துண்டு, நெடுநாள் நலமாக வாழ்வோர் அவர்களுள் பலர்.

ஆயினும் கணக்கில் மறுபக்கமும் உண்டு. 2007ஆம் ஆண்டில் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் தொற்று மிகுந்த மாவட்டங்களில் தனி அலகுகள் அமைந்தன. முடிவெடுக்கும் இடம் மக்களுக்கு இன்னும் அருகே வந்தது. பின்னாளில் அவை பல மாவட்டங்களைச் சேர்த்துக் கவனிக்கும் குழுக்களாக மாற்றப்பட்டன. நோய் தணிந்ததென்று கவனம் தளர்ந்தால் தூரம் மீண்டும் வளரும். 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மையங்களில் மருந்து முறையாகக் கிடைக்கவில்லை என்று தொற்றுடையோர் புதுடில்லியில் தேசிய நிறுவனத்தின் அலுவலகத்துக்கு முன்னே 40 நாட்களுக்கு மேல் அமர்ந்து போராடினர். நாள்தோறும் தவறாமல் உண்ண வேண்டிய மருந்து அது. விட்டுவிட்டு உண்டால் நோய்க்கிருமி மருந்துக்குப் பணியாத தன்மை பெற்றுவிடும். ஆகவே அலமாரியில் மருந்து இல்லாத நாளை ஆளுகை தவறிய நாள் என்றே கொள்ள வேண்டும்.

சட்டமும் இதே பாதையில் நடந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒப்புதல் பெறாமல் பரிசோதிப்பதையும், நிலையை வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் குடியிருப்பிலும் வேறுபாடு காட்டுவதையும் அது தடை செய்கிறது. முறையீட்டைக் கேட்க ஒவ்வொரு மாநிலமும் குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. கோவாவில் ஓர் இளைஞரை அடைத்துவைத்த சட்டத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 30 ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று; குறைதீர்ப்பாளர் யார், எங்கே அமர்ந்திருக்கிறார் என்று ஊரார் அறிந்திருப்பது வேறொன்று.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஊரையும் உறவையும் விட்டு, மொழி தெரியாத நகரில் நோயைத் தனியே சுமப்பவரின் தயக்கம் இருமடங்காகும். அவர் அறிய வேண்டியவை சில. ஓரிடத்தில் தொடங்கிய சிகிச்சையை வேறு மாநிலத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ள முறை இருக்கிறது. 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஐயம் கேட்கலாம். நம் தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு நில்லாமல், அருகிலுள்ள மையம் எது, குறைதீர்ப்பாளர் யார் என்பதை அறிந்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம். மையத்தில் தமிழ் மட்டுமே அறிந்த ஒருவர் தடுமாறினால், மறை காக்கும் ஒருவர் உடன் சென்று மொழிபெயர்த்து உதவலாம்.

அவ்வாறு செல்லும்போது நான்கு வினாக்களை மனத்தில் கொள்ளுங்கள். மருந்து தடையின்றிக் கிடைக்கிறதா? வருபவரின் மறை காக்கப்படுகிறதா? முறையீட்டைக் கேட்பார் இருக்கிறாரா? முடிவெடுக்கும் அவையில் தொற்றுடையோருக்கு இடம் இருக்கிறதா? நான்குக்கும் ஆம் என்று விடை வந்தால் அங்கே ஆளுகை நன்று. ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால், அதைக் கேட்டுப் பெறுவது குடிமக்களாகிய நம் கடமை. அக்கடமைக்கு மாநில எல்லை கிடையாது.